ஜாஸ்தி கிடார்

பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் தினமும் ஒரு தினுசாகக் கையெழுத்துப் போட்டதற்காக மெமோ வாங்கியவர், எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து ஆபீஸில் கிளார்க். என் அக்கா அங்கே டீச்சராக இருந்ததால் இந்தக் கதை சுடச்சுட வீட்டுக்கு வந்தது. தலைமையாசிரியர் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, "திங்கக்கிழமை வந்தது யாரு, செவ்வாக்கிழமை வந்தது யாரு?" என்று கேட்டாராம். இவர் குனிந்து இரண்டையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "ரெண்டும் நான்தான் சார். செவ்வாக்கிழமை கொஞ்சம் நிதானமா வந்திருக்கேன்" என்றாராம்.

வேண்டுமென்றே செய்வதில்லை. எதையும் இரண்டாம் தடவை அதேபோலச் செய்ய அவருக்கு வராது, அவ்வளவுதான். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் பத்து நிமிஷ சைக்கிள் தூரம். ஒரு நாள் மாசி வீதி வழியாக வருவார், ஒரு நாள் வைகைக் கரைப் பக்கம் போய்ச் சுற்றி வருவார். ஒரே சங்கதியை அவர் இரண்டு பேரிடம் சொன்னால் அந்த இரண்டு பேருக்கும் சண்டை வரும். "அவரு டீ போட்டா, இன்னைக்கு என்ன வந்திருக்கோன்னு ஜெபம் பண்ணிட்டுத்தான் டீச்சர் குடிப்பேன்" என்று அவர் மனைவி என் அக்காவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் பாதிப் பேருக்கு ஆள் பிடிபடாது. ஊர் அவருக்கு வைத்த பெயர் ஓர் அச்சகத்தில் பிறந்தது. அது பின்னால் வரும். எங்கள் மெல்லிசைக் குழுவில் அவர் கிடார் அண்ணன். நான் பாட்டுக்காரி. பகலெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 'நம்பர் ப்ளீஸ்' சொல்லிவிட்டு, முகூர்த்த நாள்களில் கல்யாண மேடையில் சினிமாப் பாட்டுப் பாடுவேன். எண்பதுகளின் தொடக்கம். பேரையூர்ப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண் மேடை ஏறுவதற்கு அப்பாவைச் சம்மதிக்க வைக்க நான் பட்ட பாடு தனிக்கதை. "ஒரு பிசகு நடந்து நாலு பேரு சிரிச்சாகன்னா, அன்னைக்கோட சரி" என்று சொல்லித்தான் விட்டிருந்தார்.

அந்தக் காலத்தில் மேடைப் பாட்டுக்கு ஒரே ஒரு பாராட்டுதான் உண்டு. "அப்படியே ரெக்கார்டு போட்ட மாதிரி இருந்துச்சும்மா" என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். மூச்சு விடும் இடம்கூட ரெக்கார்டில் உள்ளபடி இருக்க வேண்டும். நான் அப்படிப் படித்தவள். படத்தில் நாயகி விசும்பினால் நானும் அதே இடத்தில் விசும்புவேன். எங்கள் குழுவை நடத்திய ஆர்கன் மாஸ்டரும் அதே கட்சி. இப்படிப்பட்ட இடத்தில் இவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் எப்படி இருக்கும்?

ஆள் ஒல்லி, உயரம். எப்போதும் வெள்ளைச் சட்டை, பையில் மசி கசிந்த பேனா. கிடாரை, அவர் மனைவி பழைய ஜன்னல் திரையில் தைத்த பூப்போட்ட உறையில் போட்டுக்கொண்டு வருவார். தந்தியை மீட்டும் வில்லை சோப்புப் பெட்டி மூடியிலிருந்து வெட்டியது. அதில் ஒன்றை வெட்டி முடித்ததும் காதருகே வைத்துச் சுண்டிப் பார்ப்பார். "இது நல்ல சோப்பு" என்பார்.

பாட்டை மாற்றி வாசிக்கிற இந்தப் பைத்தியம் அவருக்குப் பிடித்த கதையை அவரே சொல்லியிருக்கிறார், மூன்று விதமாக. மூன்றிலும் பொதுவாக இருந்தது இதுதான்: பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு வெளிநாட்டு வாத்தியார் ஊருக்குப் போகும்போது ஒரு பெட்டி இசைத்தட்டை விட்டுவிட்டுப் போனார். கழிவுப் பொருள் பட்டியலில் சேர்க்கச் சொல்லி அது இவர் மேஜைக்கு வந்தது. சேர்க்கும் முன்னால் கேட்டுத்தான் பார்ப்போமே என்று பள்ளிக்கூட கிராமபோனில் வைத்தார். அந்தப் பட்டியல் கடைசி வரை முடியவே இல்லை.

"அது பேரு ஜாஸ் தங்கச்சி. அம்புட்டும் அவங்க ஊரு சினிமாப் பாட்டு, நாடகப் பாட்டுதான். டீக்கடையில ஓடுற பாட்டு. அதை எடுத்து வச்சுக்கிட்டு அந்தத் தட்டுல ஒருத்தன் கிடார்ல சுத்துறான் பாரு..."

"புதுசா ஒரு பாட்டுப் போட்டுக்க வேண்டியதுதானண்ணே. ஊரான் பாட்டை ஏன் கெடுக்கணும்?"

"தெரிஞ்ச பாட்டாத்தான் இருக்கணும். தெரியாத பாட்டுல நான் வழி மாறிப் போனா, போனேங்கிறது யாருக்குத் தெரியும்?"

தேவாலயத்தில் ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் இவரை வாசிக்க விட்டார்கள். ஞானப்பாட்டின் முதல் சரணம் நேராகப் போனது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இவர் பாட்டை விட்டுக் கொஞ்சம் வெளியே போய்விட்டார். இடப்பக்கம் இருந்த பெண்கள் மூன்றாம் சரணத்தைத் தொடங்கிவிட்டார்கள். வலப்பக்கம் இருந்த ஆண்கள் இன்னும் இரண்டாவது முடியவில்லை என்று நினைத்து அதையே திரும்பப் பாடினார்கள். போதகர் கையைத் தூக்கி எல்லாரையும் ஒருவழியாக ஆமென் சொல்ல வைத்தாராம். அதற்கப்புறம் தேவாலயத்தில் அவருக்குப் பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற வேலைதான்.

எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் மேடையில் அவரைப் பார்த்தால் பயம். பல்லவி முடிந்து இசை வரும், அது முடிகிற இடத்தில் நான் சரணத்தை எடுக்க வேண்டும். அந்த முடிகிற இடத்தை இவர் எங்கே வைப்பார் என்று கடவுளுக்கே தெரியாது. ஒரு தடவை ஒத்திகையில் எனக்குப் பொறுக்க முடியவில்லை.

"ஏண்ணே, பாட்டை அந்தரத்துல விட்டுட்டு எங்கதான் போறீங்க?"

அவர் கோபப்படவில்லை. தந்தியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு கேட்டார்: "நீ வீட்டை விட்டுக் கிளம்புறப்ப உங்கம்மாகிட்ட என்ன சொல்லுவ?"

"போயிட்டு வாரேம்பேன்."

"போறேன்னு சொல்ல மாட்டேல்ல?"

"அது எப்படிண்ணே, அப்படிச் சொல்லக்கூடாதுல்ல."

"நானும் பாட்டுகிட்ட அதைத்தான் சொல்லிட்டுக் கிளம்புறேன். திரும்பி வராம என்னைக்காச்சும் இருந்திருக்கேனா?"

மாஸ்டர் ஆர்கன் பின்னாலிருந்து, "வர்றது சரி, எத்தனை மணிக்கு வர்றீகன்னு சொல்லிட்டுப் போங்க" என்றார்.

அப்புறம் டி. கல்லுப்பட்டியில் ஒரு கல்யாணம். சாயங்கால வரவேற்பு. என் சித்தப்பா குடும்பம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. அந்த வருஷம் தமிழ்நாடே முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒரு சோகப் பாட்டு. பல்லவி முடிந்தது. கிடார் கிளம்பியது. எனக்கு முடிவு மாதிரித் தெரிந்த ஓர் இடத்தில் சரணத்தை எடுத்தேன், அது முடிவில்லை. நிறுத்தினேன். மறுபடி எடுத்தேன், அதுவும் இல்லை. மூன்றாவது தடவை அவர் நிஜமாகவே எனக்காகக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார், நான்தான் இதுவும் இல்லை என்று விட்டுவிட்டேன். முன்வரிசைப் பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். யாரோ, "பொண்ணுக்குப் பாட்டு மறந்துபோச்சு" என்றார்கள். மறக்கவில்லை, எனக்கா மறக்கும்! அந்தச் சிரிப்பு மறுநாள் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அப்பாவைச் சமாளிக்க ஒரு வாரம் ஆனது. அந்த ஆத்திரத்தில் நான் மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன்: "இனிமே அவரு இருக்கிற மேடையில நான் பாட மாட்டேன்." பாட்டுக்காரி கிடைப்பது அன்றைக்குக் கஷ்டம், கிடார் வாசிக்கக் கல்லூரிப் பையன்கள் வரிசையில் நின்றார்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு அவருடைய நாற்காலியில் வேறு ஒருவன் உட்கார்ந்திருந்தான். ரெக்கார்டு போட்ட மாதிரி வாசித்தான். நானும் ரெக்கார்டு போட்ட மாதிரி பாடினேன்.

பத்து நாள் கழித்து மத்தியான இடைவேளையில் எக்ஸ்சேஞ்ச் வாசலில் சைக்கிளோடு நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"நீ சொன்னது நியாயந்தான் தங்கச்சி. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"அண்ணே, நான்..."

"வாசிப்புங்கிறது அடுத்தவங்களுக்கு இடைஞ்சலா இருக்கக்கூடாது. சர்ச்சுலயும் வேண்டாம்னுட்டாங்க, மேடையிலயும் வேண்டாம்னுட்டாங்க. கிடாரைப் பரணுல போட்றலாம்னு இருக்கேன்." சைக்கிள் மணியை ஒரு தரம் துடைத்தார். "இத்தனை வருசம் வாசிச்சது அம்புட்டும் காத்தோட போயிருச்சு. ஒண்ணே ஒண்ணு நின்னிருந்தாலும் போதும்னு இருந்திருப்பேன். சரி, வாரேன்."

அவர் போன பிறகு நான் கொண்டுபோன தயிர்சாதத்தை அப்படியே மூடி வைத்துவிட்டேன். பிசகு அவருடையது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு மனிதர் கிடாரைப் பரணில் போடுவதற்கு நான் காரணம் ஆகிவிட்டேனே என்று இருந்தது.

ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு கேசட் கடை. பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் பதிந்து தருவார்கள். புதுப் பாட்டெல்லாம் நான் அங்கேதான் பதிந்து வாங்கிப் படிப்பேன். கடை வைத்திருந்த பாய்க்கு என்னை நன்றாகத் தெரியும். ஒரு நாள் அவரே சலித்துக்கொண்டார்: "கல்யாண மண்டபத்துக்காரங்க எல்லாம் பந்தியில போட பாட்டு இல்லாத இசை கேக்குறாங்கம்மா. இப்ப ஓடுற படத்துப் பாட்டா எட்டுப் பாட்டு, வெறும் கிடாரோ புல்லாங்குழலோ. பாட்டுச் சத்தம் இருந்தா, சாம்பார் கேக்குறது பரிமாறுறவனுக்குக் கேக்க மாட்டேங்குதாம். நல்ல கிடார்க்காரர் யாராச்சும் இருக்காங்களா?"

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. அவர் பெயரைச் சொன்னேன்.

பாய் கண்ணைச் சுருக்கினார். "அவரா? அவரு பாட்டைப் பிச்சு எறிஞ்சிருவாராமே?"

"கேசட்டுன்னா ஒழுங்கா வாசிப்பாரு பாய். நான் பொறுப்பு."

"நீ பொறுப்புன்னா நீயே வந்து உட்காரு. அவரு தடம் மாறினா மெஷினை நிறுத்திறணும். அழிச்சிட்டு மறுபடி எடுக்கணும். சம்மதமா?"

இப்படித்தான் நான் அவருக்குக் காவல்காரி ஆனேன்.

நாகமலை புதுக்கோட்டையில் பாயின் மச்சான் புதிதாகக் கட்டிய வீடு ஒன்று குடியேறாமல் காலியாகக் கிடந்தது. பஸ் சத்தம் வராது, அக்கம்பக்கத்தில் வீடு கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே கூடினோம். சுண்ணாம்பு வாசம். ஜன்னல்களில் ஜமக்காளத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். முக்காலியில் இரண்டு சக்கரம் வைத்த பெரிய டேப் மெஷின். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். தாளம் தட்டுகிற கால் சத்தம் பதியாமலிருக்க பாய் துண்டை மடித்துக் காலடியில் வைத்தார். பரணில் போடப்போவதாகச் சொன்ன கிடாருக்குப் புதுத் தந்தி மாட்டியிருந்ததைப் பார்த்தேன். எனக்கு மனசு நிறைந்துவிட்டது, உடனே பயமும் வந்தது.

"தங்கச்சி இருக்கா, பயமில்ல. நேராப் போயிருவேன்" என்றார் பாயிடம்.

சொன்னபடி செய்யத்தான் பார்த்தார். முதல் பாட்டில் இரண்டு தடவை கிளம்பினார், இரண்டு தடவையும் நான் பொத்தானை அழுத்தினேன். 'டக்' என்று சத்தம் கேட்டதும் அவர் விரல் அப்படியே நிற்கும். "மன்னிச்சுக்கம்மா" என்பார். மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் பாட்டுக்கு அப்புறம் அவர் கிளம்பவே இல்லை. பாட்டு உள்ளது உள்ளபடி வந்தது. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு. நான்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். வருகைப் பதிவேட்டில் யாரோ பிடரியில் கை வைத்து ஒரே கையெழுத்தை முப்பது தடவை போடச் சொன்ன மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நாலு பாட்டு முடிந்தது. பாய், தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் போகவேண்டும் என்று எழுந்தார். "இந்தச் சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கும்மா, பதியும். அந்தக் கறுப்பு, நிறுத்துறதுக்கு. மிச்ச நாலையும் முடிச்சு வைங்க. நாலு மணிக்கு வாரேன்."

ஐந்தாவது பாட்டு, டி. கல்லுப்பட்டியில் என் மானம் போன அதே பாட்டு. பாய் எழுதிக் கொடுத்த பட்டியலில் அது இருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பொத்தான்களை அழுத்தினேன். பல்லவியை வாசித்தார். ரெக்கார்டு போட்ட மாதிரி இருந்தது. இசை வருகிற இடம் வந்ததும் அவர் விரல் ஒரு கணம் தயங்கியது. என்னைப் பார்த்தார். என் கட்டை விரல் கறுப்புப் பொத்தான் மேல் இருந்தது. நான் அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் கிளம்பினார்.

எத்தனையோ மேடையில் அவர் பக்கத்தில் நின்றிருக்கிறேன். எப்போது முடிப்பார், எங்கே எடுக்க வேண்டும் என்ற பயத்தில் ஒரு நாளும் அவர் என்ன வாசிக்கிறார் என்று கேட்டதே இல்லை. பாட வேண்டிய அவசியமில்லாமல் உட்கார்ந்து கேட்டது அன்றுதான். சோகப் பாட்டுத்தான். அதில் நான் விசும்புகிற இடத்தை அவர் தொட்டார், விட்டார், வேறொரு வழியாக வந்து மறுபடி தொட்டார். நான் நூறு தடவை பாடிய பாட்டில் இவ்வளவு இடம் இருந்ததா என்று இருந்தது. வெளியே ஒரு மயில் அகவியது, அதற்கும் கிடாரில் ஒரு பதில் சொல்லிவிட்டுத் திரும்பினார். பல்லவிக்கு அவர் வந்து சேர்ந்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊருக்குப் போன ஆள் பத்திரமாக வீடு வந்து சேர்ந்த மாதிரி அப்படி ஒரு நிம்மதி.

"நிறுத்தலையா?" என்றார்.

"அடுத்த பாட்டை வாசிங்கண்ணே" என்றேன்.

மிச்சம் மூன்றையும் அப்படியே வாசித்தார். காலடியில் இருந்த துண்டு எங்கேயோ போய்விட்டது. தரையில் அவர் குதிகால் தட்டுகிற சத்தமும் சேர்ந்துதான் பதிந்திருக்கிறது.

நாலு மணிக்கு பாய் வந்தார். "ஒழுங்கா வந்துச்சா?" என்று என்னைக் கேட்டார். "வந்துச்சு பாய்" என்றேன். கிடார் அண்ணன் போனார், திரும்பி வந்தார். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

மறுநாள் கடையிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கே போன் வந்தது. போனேன். பாய் கொதித்துக்கொண்டிருந்தார்.

"பொறுப்புன்னு சொன்னியேம்மா! அந்தாளு அஞ்சாவது பாட்டுல காணாமப் போறாரு. நானும் தேடுறேன் தேடுறேன், ஆளைக் காணோம்!"

"கடைசில வந்துட்டாருல்ல பாய்?"

"வந்தாரு..." என்று இழுத்தார். மெஷினைத் திரும்பிப் பார்த்தார். "வந்த இடம் நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்காக? பந்தியில உட்கார்ந்தவன் சோத்துல கைய வச்சுக்கிட்டுத் தேடுவானா?" திட்டிக்கொண்டே ஐந்தாவது பாட்டை இன்னொரு தடவை போட்டார். எனக்குப் போட்டுக் காட்டுவதாகத்தான் சொன்னார். முடிந்ததும் ஆறாவதையும் போட்டார்.

முகூர்த்த மாசம் நெருங்கிவிட்டது, மறுபடி பதிய நேரம் இல்லை. கடைசியில் பாய் ஒரு வழி கண்டுபிடித்தார். முதல் பக்கம் பந்திக்கு. இரண்டாம் பக்கம் வேறு சாமான், விவரம் தெரியாமல் போட்டுவிட்டுச் சண்டைக்கு வராதீர்கள் என்று அட்டையிலேயே எச்சரிக்கையாகப் போட்டுவிடுவது. "அதுக்கு ஏதோ பேரு சொல்லுவாரே, அதை எழுதித் தரச் சொல்லு" என்றார். கிடார் அண்ணன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்: 'இரண்டாம் பக்கம்: ஜாஸ் கிடார்.' காகிதம் அச்சகத்துக்குப் போனது.

அட்டை வந்தது. பாய் கட்டைப் பிரித்தவர், "யா அல்லா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். எல்லா அட்டையிலும் கொட்டை எழுத்தில் இருந்தது: 'இரண்டாம் பக்கம்: ஜாஸ்தி கிடார்.'

கட்டைக் கொண்டுவந்திருந்த அச்சுக் கோக்கிறவர் பெருமையாக நின்றார். "ஜாஸ்னு ஒரு வார்த்தை ஏது பாய்? எழுதுனவரு 'தி'யை விட்டுட்டாரு. நான் பார்த்துச் சேர்த்துட்டேன். காசு வேண்டாம்."

இதைப் போய்க் கிடார் அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று நான் தவித்தேன். அட்டையை வாங்கிப் பார்த்தார். முதலில் உதடு துடித்தது. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்னைய இம்புட்டுச் சரியா யாரும் சொன்னதில்ல தங்கச்சி" என்றார்.

எச்சரிக்கையாகப் போட நினைத்தது விளம்பரமாகிவிட்டது. ஜாஸ்தி என்றால் நம் ஆள்களுக்கு விடுவதற்கு மனசு வருமா? முதல் பக்கத்தில் அளவாக வாசித்திருக்கிறார், இரண்டாம் பக்கத்தில் கூடுதலாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார் என்று ஊர் அர்த்தம் பண்ணிக்கொண்டது. "ஜாஸ்தி கிடார் இருக்கா பாய்?" என்று கேட்டு வந்தார்கள். மண்டபங்களில் பந்தி நடக்கும்போதே இரண்டாம் பக்கத்தைப் போட்டார்கள். யாரும் சோற்றில் கையை வைத்துக்கொண்டு தேடவில்லை. சுகமாகச் சாப்பிட்டார்கள். அடுத்த வருஷம் கல்யாண வீட்டுக்காரர்களே எங்கள் மாஸ்டரிடம், "அந்த ஜாஸ்தி அண்ணன் வருவாருல்ல?" என்று கேட்டு முன்பணம் கொடுத்தார்கள். மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். "நானே போய்க் கூட்டிட்டு வாரேன் மாஸ்டர்" என்றேன்.

அவர் திரும்பி வந்த முதல் கச்சேரி பேரையூரில். முகூர்த்தம் முடிந்து மேடைக்கு எதிரிலேயே பந்தி ஓடிக்கொண்டிருந்த பகல் நேரம். அந்தச் சோகப் பாட்டுத்தான் வேண்டும் என்று கேட்டார்கள். அவர் பல்லவியை வாசித்துவிட்டு, தன் வழக்கப்படி கிளம்பினார். நாலு அடிகூடப் போயிருக்க மாட்டார். பந்தியிலிருந்து மாவு மில்காரர் ஒருவர் எழுந்து நின்று சத்தம் போட்டார்.

"அண்ணே! தப்பா வாசிக்கிறீக! கேசட்டுல இப்படி இல்லியே!"

இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். "ஆமாண்ணே, கேசட்டுல இருக்கிற மாதிரி வாசிங்க!"

அவர் கை நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பி, "அதுல என்ன வாசிச்சேன்னு எனக்கு எப்படித் தங்கச்சி தெரியும்?" என்று குழந்தை மாதிரிக் கேட்டார். நெற்றி வேர்த்திருந்தது. தேவாலயம், டி. கல்லுப்பட்டி எல்லாம் அந்த முகத்தில் வந்துவிட்டுப் போனதைப் பார்த்தேன். இப்போது எழுந்து போனால் இவர் இனி எந்த மேடையும் ஏறமாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தக் கேசட்டை எங்கள் வீட்டு டேப்பில் போட்டுப் போட்டு நான் தேய்த்திருந்தேன். மூச்சு விடும் இடம் வரை ரெக்கார்டு போட்ட மாதிரிப் பாடுவதுதானே என் பிழைப்பு? மைக்கை இழுத்து, அன்றைக்கு நாகமலை புதுக்கோட்டையில் அவர் போன வழியை வார்த்தை இல்லாமல் வெறும் 'லல்லலா'வில் முதலிலிருந்து பாடினேன். தொட்டது, விட்டது, மயிலுக்குப் பதில் சொன்னது எல்லாம். மில்காரர் தலையாட்டிக்கொண்டு, "இதான், இதான்" என்று உட்கார்ந்தார். முன்வரிசையில் ஒருவர் இலையின் முன்னால் அதைக் கூடவே முனகினார்.

அவர் வாயைப் பிளந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகக் கிடாரை அணைத்தார். நான் அவருடைய பழைய வழியில் நேராகப் போய்க்கொண்டிருக்க, அவர் அதிலிருந்து பிரிந்து இன்னொரு வழியில் கிளம்பினார். எனக்கு இந்தத் தடவை எதுவும் தடுமாறவில்லை. எங்கே போனாலும் அவர் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு பேரும் பல்லவிக்கு ஒன்றாக வந்து சேர்ந்தோம். மாஸ்டர் ஆர்கனை விட்டுவிட்டுக் கை தட்டினார்.

பாட்டு முடிந்ததும் மில்காரர் எச்சில் கையோடு மேடைப் பக்கம் ஓடி வந்தார்.

"அண்ணே, பின்னால ஒண்ணு வாசிச்சீகளே, அது எந்தக் கேசட்டுல இருக்கு?"

"அது எதுலயும் இல்லைங்க."

"அப்ப இருங்க, எந்திரிச்சிறாதீக. வீட்டுல டேப் கிடக்கு, எடுத்தாரேன். அதே மாதிரி இன்னொருக்கா வாசிக்கணும்!" என்று சொல்லிவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெயிலில் ஓடினார்.

அவர் கிடாரை மடியில் வைத்தபடி அந்த ஆள் ஓடிய திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதே மாதிரி வருமாண்ணே?" என்று கேட்டேன்.

"வராது" என்றார். "ஆனா அவரு வருவாருல்ல."